முதுமையில் பெண்களின் கூந்தல்: அச்சம் எங்கிருந்து வந்தது?



சென்ற மழைக்காலத்தில் செம்பாக்கத்தில் உள்ள எங்கள் இல்லத்தில் ஒரு கேள்வி எழுந்தது. என் தாயாருக்கு வயது 78. இடுப்பைத் தாண்டித் தொங்கிய கூந்தல் அவர்களுடையது. இப்போது அது மெலிந்து, வெளுத்து, எலி வால் போல் ஆகிவிட்டபோதும் நீளம் மட்டும் பெரிதாகக் குறையவில்லை. வலத் தோளில் ஏற்பட்ட இறுக்கத்தால் கையை உயர்த்த இயலாது. ஒவ்வொரு நாளும் சிக்கெடுத்துப் பின்னுவதற்கு வேறொருவர் கை வேண்டும். அடைமழையில் தலைக்குக் குளித்தால் ஈரம் காய்வதில்லை. ஈரக் கொண்டையோடு முக்காடிட்டுத் தொழுதுவிட்டு, இரவு முழுவதும் தலைபாரம் என்று வருந்துவார்கள். ஒருநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் என்னை அருகில் அழைத்து, "இதைத் தோள் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாமா? பாவமாகிவிடுமா?" என்று கேட்டார்கள்.

எளிய கேள்விதான். ஆயினும் அக்கம்பக்கத்தில் கேட்டபோது இரண்டு விடைகள் வந்தன. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ஒரு பெரியவர், முடி வெட்டும் பெண் சாபத்துக்குரியவள் என்றுதான் தமக்கு ஓதிக் கொடுத்ததாகச் சொன்னார். கீழக்கரையைச் சேர்ந்த பக்கத்து வீட்டு லாத்தாவோ, "நபியவர்களின் மனைவிமாரே குறைத்திருக்கிறார்களே, பெரியம்மா, நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்றார்.

இவ்விருவரும் தம் மனம்போல் பேசியவர்கள் அல்லர். இருவருடைய சொல்லுக்கும் நூலாதாரம் உண்டு. தமிழகத்தின் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. ஏரியும் வயலுமாக இருந்த செம்பாக்கம், தாம்பரம்–வேளச்சேரிச் சாலையை ஒட்டி வீடுகள் பெருகி, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. பல மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இன்று ஒரே தெருவில் வாழ்கின்றன. ஒரே ஸஃப்பில் நின்று தொழுகின்றன. ருகூவுக்குச் செல்லும்போது கை உயர்த்துபவரும் உயர்த்தாதவரும் தோளோடு தோள் நிற்கும் இடத்தில், கூந்தலைப் பற்றியும் இருவேறு விடைகள் கிடைப்பதில் வியப்பில்லை.

ஆனால் என் தாயாரின் அச்சத்துக்கு மூன்றாவது காரணம் ஒன்றும் இருந்தது. அதை அவர்கள் கடைசியில்தான் சொன்னார்கள். சிறுமியாக இருந்தபோது, தம் ஊருக்கு அடுத்த தெருவில் கணவனை இழந்து தலை மழிக்கப்பட்ட ஒரு மூதாட்டியைப் பார்த்திருக்கிறார்கள். விசேஷ வீடுகளுக்கு அவரை யாரும் அழைக்கமாட்டார்களாம். எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஒதுங்குவார்களாம். "உங்கள் அத்தாவும் போய்விட்டார். நானும் முடியை வெட்டிக்கொண்டு நின்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்பதே அவர்களுடைய உள்ளத்துக் கேள்வி.

அப்போதுதான் இதை மார்க்கச் சட்டத்தின் கேள்வியாக மட்டுமின்றி வரலாற்றின் கேள்வியாகவும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

தமிழ் மண்ணில் கூந்தல்

தமிழர் வாழ்வில் பெண்ணின் கூந்தலுக்கு உள்ள இடம் மிகப் பழமையானது. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றே ஒரு பெயர் உண்டு. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற பாண்டிய மன்னனின் ஐயமும், தருமிக்குக் கிடைத்த பாடலும், நக்கீரரின் வாதமும் திருவிளையாடல் கதையாகத் தமிழகமெங்கும் பரவியுள்ளன. சிறுமிக்கு இரட்டைப் பின்னல், மணமான பெண்ணுக்கு நீண்ட ஒற்றைப் பின்னல், முதியவளுக்கு அள்ளி முடிந்த கொண்டை என்று வயதுக்கேற்பக் கூந்தலின் கோலம் மாறியது. ஆனால் அதை வெட்டுவது என்பது அந்த வரிசையில் எங்கும் இல்லை. கூந்தல் உள்ள சீமாட்டி எப்படியும் முடிவாள் என்ற பழமொழியில் கூந்தல் செல்வத்துக்கு நிகராக நிற்கிறது.

ஒரு பெண்ணின் தலையில் கத்தி பட்ட நிலைகளில் முக்கியமானது ஒன்று. அவள் கணவனை இழந்தபோது. இந்த வழக்கம் பிற்காலத்தில் தோன்றியதன்று. கணவனை இழந்த மகளிர் கூந்தலைக் களைவதையும், வளையல்களை நீக்குவதையும், அல்லி அரிசியை உண்டு வாழ்வதையும் புறநானூற்றுப் பாடல்கள் சில குறிப்பிடுகின்றன. பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு, அத்தகைய கைம்மை வாழ்வின் துன்பங்களை எடுத்துக் கூறி, அதைவிட ஈமத் தீயே தமக்கு இனியது என்று பாடியதும் அத்தொகுப்பில்தான் உள்ளது.

பிற்காலத்தில் தலைமழிப்பு எல்லாச் சமூகங்களிலும் இல்லாவிட்டாலும், அந்தணர் முதலிய சில சமூகங்களில் கடுமையாக நிலைத்தது. குழந்தைத் திருமணம் வழக்கில் இருந்த காலமாதலால், வாழ்க்கை இன்னதென்று அறியாத சிறுமிகளும் அதற்கு ஆளாயினர். 1886-ல் பிறந்து, சிறுவயதிலேயே மணமாகிக் கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமிக்கு அந்நிலை நேராமல் பெற்றோர் காத்தனர். அவர் 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்காக இல்லம் அமைத்தார். கடற்கரையோரம் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அவ்விடுதி நடந்ததைச் சென்னைவாசிகள் பலர் அறிவர். முடியைக் காத்துக்கொள்வதே அன்று ஒரு பெண்ணுக்குக் கிடைத்த நீதியாக இருந்தது.

இதற்கு நேர்மாறான குரலும் இதே மண்ணில் எழுந்தது. பெண்கள் நீண்ட கூந்தலைப் பேணுவதில் காலமும் உழைப்பும் வீணாகின்றன, ஆண்களைப் போல் கத்தரித்துக்கொள்வதே விடுதலைக்கு வழி என்று பெரியார் ஈ.வெ.ரா. பரப்புரை செய்தார். ஆக, தமிழகத்தில் ஒரு பெண் முடியைக் குறைத்தால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் கற்பிக்கப்பட்டன. ஒன்று, கைம்மையின் இழிவு. மற்றொன்று, மரபை எதிர்க்கும் கிளர்ச்சி. தோள் வலிக்கிறது, தலை காயவில்லை என்பதற்காக ஒரு மூதாட்டி முடியைக் குறைத்துக்கொள்ளக்கூடும் என்பதற்கு அங்கே இடமே இல்லாமல் போயிற்று.

முஸ்லிம்களாகிய நாமும் இந்த மண்ணில்தான் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறோம். நம்முடைய விதவைகளின் தலையை நாம் ஒருபோதும் மழித்ததில்லை. ஆனால் அக்கம்பக்கத்தின் அச்சம் நம் வீட்டுத் திண்ணையிலும் வந்து அமர்ந்துகொண்டது.

துக்கத்தில் மழிப்பதைத் தடுத்த நபி

துக்கத்தின்போது பெண் தலையை மழித்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அறியாமைக் கால அரபகத்திலும் அது இருந்தது. ஒப்பாரி வைப்பது, ஆடையைக் கிழிப்பது, தலைமுடியை மழிப்பது ஆகிய மூன்றும் இழவு வீட்டின் அடையாளங்களாக விளங்கின.

நபித்தோழர் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் நோயுற்று மயங்கியபோது, குடும்பத்துப் பெண் ஒருவர் கதறி அழுதார். மயக்கம் தெளிந்ததும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யாரைவிட்டு விலகினார்களோ அவர்களைவிட்டுத் தாமும் விலகிக்கொள்வதாக அபூ மூஸா (ரலி) அறிவித்தார்கள். ஓலமிடுபவள், துன்பத்தில் தலையை மழிப்பவள், ஆடையைக் கிழிப்பவள் ஆகியோரே அவர்கள். இது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

கணவனை இழந்த பெண்ணுக்கு மார்க்கம் விதித்தது நான்கு மாதம் பத்து நாள் இத்தா (2:234). அக்காலத்தில் அலங்காரத்தைத் தவிர்க்க வேண்டும். அது முடிந்தபின் அவள் மறுமணம் செய்துகொள்ளலாம்; நல்ல ஆடை அணியலாம்; நறுமணம் பூசலாம். வாழ்நாள் முழுவதும் அணியவேண்டிய விதவைக்கோலம் என்று எதுவும் இஸ்லாத்தில் இல்லை. எனவே முடியைக் குறைத்தால் விதவைக்கோலம் ஆகிவிடுமே என்று ஒரு முஸ்லிம் பெண் அஞ்சுவாளாயின், மார்க்கம் ஒழித்துவிட்ட ஒன்றின் நிழலைக் கண்டு அஞ்சுகிறாள் என்றே பொருள்.

மதீனாவின் பின்னல்கள்

நபிகளார் காலத்து மதீனாப் பெண்கள் நீண்ட கூந்தல் வைத்திருந்தார்கள், பின்னிக்கொண்டார்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள், தாம் தலைமுடியை இறுகப் பின்னிக்கொள்பவர் என்றும், கடமையான குளிப்புக்காக அதை அவிழ்க்க வேண்டுமா என்றும் நபியவர்களிடம் கேட்டார்கள். வேண்டியதில்லை, தலைமீது மூன்று கை நீர் ஊற்றிக்கொள்வது போதும் என்று நபியவர்கள் விடையளித்தார்கள். இது முஸ்லிம் நூலில் உள்ள செய்தி.

குளிக்கும்போது பெண்கள் பின்னலை அவிழ்க்க வேண்டும் என்று நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) கூறிவருவதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குச் செய்தி எட்டியது. அப்படியானால் தலையையே மழித்துவிடும்படி அவர் ஏன் கட்டளையிடக்கூடாது என்று அன்னை அவர்கள் வியப்போடு வினவினார்கள். கூந்தலைச் சுமப்பதில் பெண்ணுக்கு உள்ள சிரமத்தை அறியாமல் சட்டம் சொல்வதை அன்னை ஏற்கவில்லை.

நபியவர்களின் மகளார் மறைந்தபோது ஜனாஸாவைக் குளிப்பாட்டிய உம்மு அத்திய்யா (ரலி) அவர்களும் பிற பெண்களும், கூந்தலை வாரி மூன்று பின்னல்களாக இட்டார்கள். முடியுள்ளவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்ற நபிமொழி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. பேண முடிந்தவரைக்கும் கூந்தல் ஓர் அருட்கொடை என்பதில் ஐயமில்லை.

அன்னையர் குறைத்துக்கொண்ட வரலாறு

இப்போது நம் கேள்விக்கு மிக அருகில் வருகிறோம். ஹிஜ்ரி 11-ல் நபிகள் நாயகம் (ஸல்) மறைந்தார்கள். அன்னையர் பலர் அதன்பின் பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) ஹிஜ்ரி 58-ல் மறைந்தார்கள் என்பது பெருவழக்கான கருத்து. நபியவர்களின் மனைவியரைப் பிறர் மணப்பதைக் குர்ஆன் தடுத்துவிட்டதால் (33:53) அவர்கள் அனைவரும் இறுதிவரை தனித்தே வாழ்ந்தார்கள்.

அவ்வாண்டுகளில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் மகன் அபூ ஸலமா, பால்குடி உறவால் தமக்குச் சிற்றன்னை முறையாகும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைக் காணச் சென்றார். நபியவர்களின் குளிப்பு முறையைப் பற்றிக் கேட்டு அறிந்தார். அச்செய்தியின் இறுதியில் அவர் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறார்: நபியவர்களின் மனைவியர் தம் தலைமுடியை 'வஃப்ரா' அளவுக்கு ஆகும்படி குறைத்துக்கொள்வார்கள். முஸ்லிம் நூலில் மாதவிடாய் பற்றிய பகுதியில் இது இடம்பெற்றுள்ளது.

வஃப்ரா என்பது எவ்வளவு நீளம் என்பதில் மொழியறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காதளவே என்றனர் சிலர். தோளைத் தொடும் 'லிம்மா'வைவிட அது நீளமானது என்றார் அஸ்மஈ. எவ்வாறாயினும், முன்பு பின்னலிட்டிருந்த கூந்தல் குறைக்கப்பட்டது என்பதே செய்தி.

மொராக்கோவில் ஹிஜ்ரி 544-ல் மறைந்த காழீ இயாழ் (ரஹ்) இதற்கு விளக்கம் தந்தார். அரபுப் பெண்கள் பின்னலிட்டுக் கூந்தலை வளர்ப்பதே வழக்கம். நபியவர்கள் மறைந்தபின் அலங்காரத்தைத் துறந்து, நீண்ட கூந்தலுக்குத் தேவை இல்லாததாலும் அதன் பராமரிப்புச் சுமையைக் குறைப்பதற்காகவும் அன்னையர் இவ்வாறு செய்திருக்கலாம் என்றார். ஹிஜ்ரி 676-ல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தம் முஸ்லிம் விரிவுரையில் இவ்விளக்கத்தை ஏற்று, பெண்கள் முடியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இச்செய்தி சான்றாகும் என்று எழுதினார். ரியாளுஸ் ஸாலிஹீன் நூலை நமக்குத் தந்த அதே இமாம்தான். ஷாஃபிஈ மத்ஹபின் பெருந்தூண்களில் ஒருவர். கீழக்கரை லாத்தாவின் சொல்லுக்கு வேர் இங்கே உள்ளது.

இக்கருத்தை ஏற்காத அறிஞர்களும் உள்ளனர். 1974-ல் மறைந்த முஹம்மத் அல்அமீன் அஷ்ஷின்கீத்தீ (ரஹ்), தம் 'அழ்வாஉல் பயான்' விரிவுரையில், இதை எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக்கக் கூடாது என்று வாதிட்டார். அன்னையருக்கு மறுமணம் என்பதே இல்லாததால் அலங்காரத்தில் ஒரு பகுதியை விட்டுவிடும் சலுகை அவர்களுக்கு இருந்தது என்பது அவர் கருத்து. சற்றுச் சிந்தித்தால், இந்த மறுப்பும் முதியோருக்குக் கதவை அடைத்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மணவாழ்வின் எதிர்பார்ப்பைக் கடந்துவிட்ட பெண் அன்னையரின் அந்நிலைக்குத்தானே மிக அருகில் நிற்கிறாள்?

ஹனஃபி நூல்கள் சொல்வது

தஞ்சைப் பெரியவரின் சொல்லும் வெறும் வாய்வழக்கு அன்று. திமிஷ்கைச் சேர்ந்த ஹஸ்கஃபீ (ரஹ்), ஹிஜ்ரி 1088-ல் (கி.பி. 1677) மறைந்தவர். அவருடைய 'அத்துர்ருல் முக்தார்' ஹனஃபி உலகில் பெரும் மதிப்புக்குரிய நூல். தலைமுடியை வெட்டும் பெண் பாவம் செய்தவளாகவும் சாபத்துக்குரியவளாகவும் ஆகிறாள் என்று முந்தைய நூலொன்றை மேற்கோள் காட்டி அவர் எழுதினார். கணவன் அனுமதித்தாலும் கூடாது என்றும் அதில் உள்ளது. இந்தியத் துணைக்கண்டத்து மதரஸாக்களில் இக்கருத்து வேரூன்றியது.

ஆனால் அதே இடத்தில் காரணமும் கூறப்பட்டுள்ளது. அக்காரணம் ஆண்களுக்கு ஒப்பாவது. பெண்களுக்கு ஒப்பாகும் ஆண்களையும், ஆண்களுக்கு ஒப்பாகும் பெண்களையும் நபியவர்கள் சபித்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரீயில் உள்ளது. சட்டத்தின் உயிர் அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் நம் நாட்டில், முகலாய மன்னர் ஔரங்கசீபின் ஆட்சியில் ஹனஃபி அறிஞர்கள் குழுவாகக் கூடி 'ஃபதாவா ஆலம்கீரி'யைத் தொகுத்தனர். வலியின் காரணமாக ஒரு பெண் தலையை மழித்தாலும் குற்றமில்லை, ஆண்களுக்கு ஒப்பாக வேண்டும் என்று மழித்தால் அது வெறுக்கத்தக்கது என்று அந்நூல் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. மழிப்பதற்கே இவ்வாறெனில், தோள் வலியால் துன்புறும் மூதாட்டி தோளளவுக்குக் குறைப்பதைப் பற்றி என்ன சொல்ல? ஒரே மத்ஹபின் இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால், முரண்பாடு தோன்றுவதில்லை. ஒன்று நோக்கம் தவறானவரைக் கண்டிக்கிறது. மற்றொன்று தேவையுடையவரை விலக்குகிறது.

பெண் தலையை மழிப்பதைத் தடுக்கும் அறிவிப்பு ஒன்று திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் குழப்பம் இருப்பதை இமாம் திர்மிதீயே சுட்டியுள்ளார். ஆயினும் தேவையின்றி மழிக்கக் கூடாது என்பதில் அறிஞர்கள் பெரும்பாலும் ஒன்றுபட்டுள்ளனர். மழிப்பது வேறு, குறைப்பது வேறு. ஹஜ்ஜிலும் உம்ராவிலும் ஆண்கள் மழிக்கிறார்கள் அல்லது குறைக்கிறார்கள். பெண்களுக்குக் குறைப்பது மட்டுமே. நம் தெருவிலிருந்து உம்ரா சென்று திரும்பிய ஒவ்வொரு பெண்ணும் விரல்நுனி அளவு முடியைக் கத்தரித்துவிட்டே இஹ்ராமைக் களைந்தார். பெண்ணின் முடியில் கத்தரிக்கோல் படுவதே சாபம் என்றிருந்தால் இது எப்படி வணக்கத்தின் ஒரு பகுதியாக இருக்க இயலும்?

இஹ்ராமில் முடியைக் களைவது தடுக்கப்பட்டுள்ள நேரத்திலேயே ஒரு சலுகை பிறந்ததையும் நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில், கஅப் பின் உஜ்ரா (ரலி) அவர்களின் தலையிலிருந்து பேன்கள் முகத்தில் உதிர்வதை நபியவர்கள் கண்டார்கள். அவரது துன்பத்தை உணர்ந்து, முடியைக் களைந்துவிட்டுப் பரிகாரம் செய்ய அனுமதித்தார்கள். 2:196 வசனம் இது குறித்தே இறங்கியது. தலையில் நோவுள்ளவரின் துன்பத்தை அல்லாஹ் தன் வேதத்திலேயே கருத்தில் கொண்டிருக்கிறான்.

முதுமையைக் கருதும் வேதம்

பெண்ணின் முதுமையை மார்க்கம் தனி நிலையாகவே காண்கிறது. திருமணத்தை நாடாத அளவுக்கு வயது முதிர்ந்த பெண்கள், அலங்காரத்தை வெளிக்காட்டாதவர்களாகத் தம் மேலாடைகளைக் களைந்திருப்பதில் குற்றமில்லை என்றும், பேணுதலாக இருப்பதே அவர்களுக்குச் சிறந்தது என்றும் 24:60 வசனம் கூறுகிறது. இவ்வசனம் ஆடையைப் பற்றியது, கூந்தலைப் பற்றியதன்று. ஆயினும் அதன் போக்கைக் கவனியுங்கள். இளமையில் உள்ள அதே சுமையை முதுமையில் சுமத்தவில்லை. இலகுவை அனுமதித்துவிட்டு, மேலானது எது என்பதையும் சொல்லி, முடிவை அப்பெண்ணிடமே விட்டுவிடுகிறது.

உடலும் அதையே சொல்கிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களின் முடி மெலிகிறது. வளரும் காலம் குறுகுகிறது. இருபது வயதில் எட்டிய நீளத்தையும் அடர்த்தியையும் எழுபதில் எதிர்பார்க்க இயலாது. மூட்டு வலியும் தோள் இறுக்கமும் சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக விடுவதில்லை. முன்பு கூட்டுக் குடும்பத்தில் மருமகளோ பேத்தியோ சாம்பிராணிப் புகை காட்டி, ஈரம் உலர்த்தி, எண்ணெய் தடவிப் பின்னிவிட்டார்கள். இன்று அடுக்ககத்தில் காலை எட்டு மணிக்குள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றுவிட, முதியவர் தனியே இருக்கிறார். கைகள் குறைந்துவிட்ட வீட்டில் கூந்தலின் நீளம் மட்டும் குறையக் கூடாது என்பது எப்படி நியாயமாகும்?

வயதான பெண்களிடையே வேறு இரண்டு அச்சங்களும் உலவுகின்றன. மறுமையில் ஆடையின்றி எழுப்பப்படும்போது நீண்ட கூந்தலே பெண்ணின் உடலை மறைக்கும் என்பது ஒன்று. மனிதர்கள் ஆடையின்றி எழுப்பப்படுவார்கள் என்று கேட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் கவலையுற்றார்கள். ஒருவரையொருவர் பார்க்க நினைக்கவும் இயலாத அளவுக்கு அந்நேரம் கடுமையானது என்றே நபியவர்கள் விடையளித்தார்கள். கூந்தல் மறைக்கும் என்று சொல்லவில்லை. குட்டை முடியோடு மறைந்தால் ஜனாஸாவுக்குப் பின்னலிட முடியாதே என்பது மற்றொன்று. இருக்கும் முடியைப் பின்னுவதே அங்குள்ள வழிமுறை. முடியின் நீளத்துக்கு அளவு எதுவும் விதிக்கப்படவில்லை.

கத்தரிக்கோல் யார் கையில்?

இவ்வளவும் எழுதியபின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நீதியன்று. எங்கள் உறவில் படுக்கையில் விழுந்த ஒரு மூதாட்டியின் கூந்தலை, பராமரிக்க எளிதாக இருக்கும் என்று வீட்டார் அவரைக் கேட்காமலேயே கத்தரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் எதுவும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் முக்காட்டை இழுத்து இழுத்து மூடினார். நோய் எடுத்துக்கொண்டவற்றோடு இதையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும்.

பழைய விதவையின் தலையில் பட்ட கத்தியின் கொடுமை, முடி போனதில் மட்டும் இல்லை. அவளைக் கேட்காமல் பிறர் முடிவு செய்ததில் இருந்தது. அன்னையர் குறைத்துக்கொண்டதோ எவருடைய கட்டாயத்தாலும் அன்று. இரண்டிலும் முடி குறைந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆகவே கூடாது என்று அச்சுறுத்தும் அண்டை வீட்டாரும், வெட்டித்தான் ஆகவேண்டும் என்று அவசரப்படும் பிள்ளைகளும் ஒரே தவற்றையே செய்கிறார்கள். முதியவருக்கு உரிய முடிவை அவர் கையிலிருந்து பறித்துக்கொள்கிறார்கள்.

பேணும் வலிமையும் விருப்பமும் உள்ளவர் எண்பதிலும் நீண்ட கூந்தலை வைத்துக்கொள்ளட்டும். அவருக்குப் பின்னிவிடும் பிள்ளைக்கு நன்மை உண்டு. இயலாதவர் குறைத்துக்கொள்ளட்டும். ஆண்களின் கோலத்தை ஒத்துவிடாதபடியும், பிற ஆண்கள் காணாதபடியும் அது அமைவது போதும். மத்ஹபு சார்ந்த ஐயம் உள்ளவர்கள் தம் பகுதி ஆலிமிடம் தம் நிலையை விளக்கிக் கேட்டுத் தெளிவு பெறலாம்.

நான் படித்தறிந்தவற்றை என் தாயாருக்குச் சில நாள்கள் சிறிது சிறிதாக எடுத்துச் சொன்னேன். உம்மு ஸலமா (ரலி) அவர்களின் பின்னலைப் பற்றிச் சொன்னபோது புன்னகைத்தார்கள். அன்னையர் குறைத்துக்கொண்டதைச் சொன்னபோது மறுமொழி கூறவில்லை. தம் ஊர் மூதாட்டியின் பெயரை மட்டும் ஒருமுறை சொல்லி, "பாவம், அவளை யாரும் கேட்கவில்லை" என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஆண்கள் கிளம்பிச் சென்றபின், கூடத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து பேத்தியைக் கத்தரிக்கோல் எடுத்து வரச் சொன்னார்கள். எவ்வளவு வெட்டவேண்டும் என்று அவள் கேட்டபோது, தாமே விரலால் தோளைத் தொட்டுக் காட்டினார்கள். வெட்டிய முடியை மடியில் வைத்துச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, பின்புறத்து முருங்கை மரத்தடியில் புதைக்கச் சொன்னார்கள். அன்று மாலை தலைக்குக் குளித்தார்கள். மஃக்ரிபுக்கு முன்பே முடி உலர்ந்திருந்தது.

அல்லாஹ் நம் வீட்டு முதியோரின் கண்ணியத்தைக் காக்கும் நல்வாய்ப்பை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.